கிரகணம் பார்த்த துண்டு

அத்தியாயம் 14

ஊசி, கொக்கி, செயின், எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று எக்ஸ்ரே அறை வாசலில் எழுதி ஒட்டியிருந்தது. அம்மா தலையிலிருந்து ஒவ்வொரு ஹேர்பின்னாகக் கழற்றிச் சின்னவளின் உள்ளங்கையில் வைத்தாள். ஏழு வைத்தாள். எட்டாவதை எடுக்கும்போது கை நடுங்கியது.

"என்னம்மா, ஊசியா போடப் போறாங்க? போட்டோ மாதிரிதான்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் இப்படி நடுங்கற?"

"ஏசி."

ஏசி ஓடவில்லை.

பெரியவள் கடல் தாண்டிப் போய் ஏழு வருடம். அப்பா, அம்மா, தங்கை மூவரையும் தன் பொறுப்பில் அழைத்துக்கொள்கிறேன் என்று அவள் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்து மூன்று வருடம். போன புதன்கிழமைதான் மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. இது கடைசிப் படி. அழைப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பெற்றோருடன் வரும் பிள்ளைக்கு, ஃபைலில் முடிவு எழுதும் நாளில் இருபத்திரண்டு வயது நிறைந்திருக்கக் கூடாது.

சின்னவளுக்கு நிறைவதற்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது. புதன்கிழமையிலிருந்து அவள் காலண்டரைப் பார்ப்பதில்லை. பார்க்காமலே எண் தெரிந்தது.

வரவேற்பு மேஜையில் அப்பா தன் பையைத் திறந்து வைத்திருந்தார். பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் நகல் எழுதியவர். எந்தக் காகிதத்துக்கும் மூன்று பிரதி வைத்துக்கொள்ளாமல் அவரால் வெளியே கிளம்ப முடியாது.

"இது வேண்டாம் சார்" என்றாள் மேஜையில் இருந்த பெண்.

"இருக்கட்டும்மா, வெச்சுக்குங்க. அப்புறம் கேட்டீங்கன்னா?"

"கேக்க மாட்டோம் சார்."

"கேட்டா?"

அந்தப் பெண் வாங்கி வைத்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க ரெண்டாவது பக்கம் நகல் எடுத்தீங்களா?" என்று கேட்டார். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் பையைத் துழாவ ஆரம்பித்தார்.

அப்பாவுக்கு ஒரு தடவை படம் எடுத்தார்கள். சின்னவளுக்கு ஒரு தடவை. அம்மா வெளியே வந்து ஹேர்பின்களைத் திரும்ப வாங்கிக் குத்தி முடிப்பதற்குள் கதவு திறந்தது.

"அந்த அம்மா மட்டும் இன்னொரு தடவை வாங்க."

சின்னவள் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சரியாக வந்த எதையும் யாரும் இரண்டாவது தடவை எடுப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். மறுபடி எட்டு பின்களை வாங்கிக்கொண்டு கையை இறுக்கமாக மூடினாள். அவை உள்ளங்கையில் குத்தின.

டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டபோது, "கூட ஒருத்தர் வாங்க" என்றார். அப்பா பையை மூட ஆரம்பித்தார். அவர் மூடி முடிப்பதற்குள் சின்னவள் எழுந்துவிட்டாள்.

திரையில் அம்மாவின் நெஞ்சு தெரிந்தது. வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழே, சுண்ணாம்பு விரலால் தொட்டது போல ஒரு வெள்ளை.

"முன்னாடி எப்பவாவது காசநோய்க்கு மருந்து..."

"இல்லைங்க" என்றாள் அம்மா. டாக்டர் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

"சின்ன வயசுல? ஆறு மாசம், ஒன்பது மாசம், தொடர்ந்து மாத்திரை?"

"இல்லைங்க."

டாக்டர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "பதினேழாவது கேள்வி. இங்கயும் இல்லைன்னுதான் இருக்கு." பேனாவை மூடி வைத்தார். "பாருங்கம்மா, இது பழைய தழும்பா இருக்கலாம், புதுசாவும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. பழைய எக்ஸ்ரே எந்த வருஷத்துதா இருந்தாலும் சரி, பேரும் தேதியும் இருந்தா போதும். அப்ப இருந்த அளவுலயே இப்பவும் இருந்தா நாளைக்கே எழுதி அனுப்பிடுவேன். இல்லைன்னா மூணு நாள் சளி எடுத்து, கிருமி வளருதான்னு பார்க்க கல்ச்சர் வைக்கணும்."

"எட்டு வாரம்" என்றாள் சின்னவள்.

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"லேப்ல இருக்கேன் டாக்டர்."

"அப்ப நான் விளக்க வேண்டியதில்ல. நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கறேன். வீட்ல தேடிப் பாருங்க."

விளக்க வேண்டியதில்லைதான். மற்றக் கிருமிகள் ஒரே ராத்திரியில் தட்டை நிறைத்துவிடும். இது மட்டும் ஒன்று இரண்டாவதற்கே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அது இல்லை என்று சொல்வதற்கு ஐம்பத்தாறு நாள் காத்திருக்க வேண்டும். சின்னவளிடம் இருந்தது இருபத்து மூன்று.

வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"படத்துல ஏதோ சந்தேகமாம்பா. அம்மாவோட பழைய எக்ஸ்ரே இருந்தா கேக்கறாங்க."

அப்பா பையின் வாரைத் தோளில் சரிசெய்தார்.

"எந்த வருஷத்துது வேணுமாம்?"

"எதா இருந்தாலும் பரவால்லையாம்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பேருந்தில் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள்.

வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளில் இருந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் அப்பாவின் கையெழுத்தில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல். அப்பா செருப்பைக் கழற்றவில்லை. குடையை எடுத்துக்கொண்டார்.

"ஜெராக்ஸ் கடை வரைக்கும் போயிட்டு வரேன்."

"இப்பவா?" என்றாள் சின்னவள்.

"வந்துடறேன்."

அவர் தெருவில் இறங்கும் வரை அம்மா சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்தே வைத்திருந்தாள். பிறகு மூடினாள்.

"இருபத்திநாலு வயசுல" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒன்பது மாசம் மாத்திரை. மாத்திரை போட்டா சிறுநீர் ஆரஞ்சுக் கலர்ல போகும். அதைப் பார்த்துப் பார்த்தே பயந்துக்கிட்டு இருந்தேன்."

சின்னவளுக்கு அந்த மாத்திரையின் பெயர் தெரியும். அதைச் சொல்லவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க அம்மாவுக்கு, எங்க அண்ணனுக்கு. ரெண்டு பேரும் போயாச்சு."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. தெரியவும் கூடாது." அம்மா திரும்பினாள். "ரெண்டு வருஷம் கழிச்சு உங்கப்பா வீட்டுலேர்ந்து பொண்ணு பார்க்க வந்தாங்க. சொல்லியிருந்தா காபி கூடக் குடிக்காம எழுந்து போயிருப்பாங்க. எங்க அம்மா என் தலைல கை வெச்சு, இந்த வார்த்தை இனிமே உன் வாயிலேர்ந்து வரக்கூடாதுன்னாங்க."

"சரி, டாக்டர்கிட்ட ஏம்மா இல்லைன்னு சொன்ன? அங்க அப்பா இல்லையே."

"முப்பத்தொரு வருஷமா அந்தக் கேள்விக்கு அந்த பதிலைத்தான் தயாரா வெச்சிருக்கேன். வாய் தானா சொல்லிடுச்சு."

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாத்திரைச் சீட்டு, கார்டு, ஏதாவது?"

"எங்க அம்மா அடுப்புல போட்டாங்க. எக்ஸ்ரேயை எரிச்சா நாத்தம் அடிக்கும், குப்பைல போட்டா யாராவது பேரைப் படிப்பாங்க. அதனால என் பெட்டி அடியில வெச்சேன், பேப்பருக்குக் கீழ."

"இப்ப எங்க?"

அம்மா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் சின்னவளுக்கு ஞாபகத்தைக் கொண்டுவந்தது.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அன்று சூரிய கிரகணம். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகப் பார்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள். அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய நீலப் பெட்டியைக் குடைந்து ஒரு ஃபிலிமைக் கண்டுபிடித்தாள். துணி வெட்டும் கத்திரிக்கோலால் குறுக்காக மூன்று துண்டு போட்டாள். நடுத்துண்டு அக்காவுக்கு. கீழ்த்துண்டு தனக்கு. மேல்துண்டு, அரைநாள் லீவில் வந்திருந்த அப்பாவுக்கு. மூவரும் மொட்டை மாடியில் நின்று விலா எலும்புகளுக்கு நடுவே கடிபட்ட பிஸ்கட் போன்ற சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பையோடு மேலே வந்தாள்.

"யாரோடது இது?" என்று அப்பா கேட்டார்.

"எங்க சித்தியோடது" என்றாள் அம்மா. இரண்டு நாள் அவளுக்குக் காய்ச்சல்.

எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று சின்னவளுக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது வேறு.

"நான்தான் வெட்டினேன்" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும், விடு."

தன் துண்டை மீன் வடிவில் வெட்டி ஜன்னலில் தொங்கவிட்டது நினைவிருந்தது. அது எப்போதோ போய்விட்டது. பெரியவளுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

"சொல்லுடி பல்லி. மெடிக்கல் முடிஞ்சுதா?"

"அக்கா, கிரகணம் பார்த்தோமே, உன் துண்டை என்ன பண்ண?"

"என்னது?"

சின்னவள் சொன்னாள். முழுவதும் சொன்னாள். மறுமுனையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அது அன்னிக்கே போச்சு. என்னோடது நடுத்துண்டு, அதுல வெறும் எலும்புதான் இருந்துச்சு." பெரியவளின் குரல் இறங்கியது. "பல்லி, நான் சொல்றதைக் கேளு. ஃபார்ம்ல இல்லைன்னு எழுதி அம்மா கையெழுத்துப் போட்டிருக்கா. இன்னிக்கு டாக்டர்கிட்ட நேர்லயும் இல்லைன்னுட்டா. இப்ப போய் பழைய எக்ஸ்ரேயை நீட்டினா என்ன அர்த்தம்? தெரிஞ்சே மறைச்சீங்கன்னு எழுதுவாங்க. அப்படி எழுதினா மூணு பேருக்கும் அஞ்சு வருஷம் தடை. பொறுப்பேத்துக்கிட்ட கையெழுத்து என்னோடது, என்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க."

"கொடுக்கலைன்னா எனக்கு வயசு தாண்டிடும்."

"தெரியும்டி."

"நான் இருந்துக்கறேன்" என்றாள் அம்மா, போனுக்குக் கேட்கும்படி. "அவங்க ரெண்டு பேரும் வரட்டும்."

"மூணு பேருக்கும் ஒரே ஃபைல்மா. உன்னை எடுக்கச் சொன்னா முதல்லேர்ந்து மறுபடி போடணும், அதுக்குள்ள இவளுக்குக் கல்யாண வயசே தாண்டிடும்." பெரியவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை. "இங்க எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தங்க இருக்காங்க. கேட்டுட்டுக் கூப்பிடறேன். அதுவரைக்கும் எதையும் யார்கிட்டயும் கொடுக்காதீங்க."

அம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். துணி இன்னும் காய்ந்திருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

சின்னவள் அப்பாவின் அலமாரியைத் திறந்தாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அம்மாவின் பெயரில் ஒரு மருந்துச் சீட்டு, ஒரு ரசீது, ஏதாவது கிடைத்தால் போதும். ஃபைல்கள் தேதி வரிசையில் இருந்தன. 'விண்ணப்பம்: இறுதி.' 'விண்ணப்பம்: நகல் 1.' 'நகல் 2.' கடைசியில், 'விண்ணப்பம்: பென்சில்.'

அப்பா எதையும் நேரடியாகப் பேனாவில் எழுத மாட்டார். முதலில் பென்சிலில் ஒரு வரைவு. திருத்தி, அழித்து, அதைப் பார்த்துத்தான் பேனா.

பதினேழாவது கேள்விக்கு அம்மாவின் பக்கத்தைப் புரட்டினாள். 'இல்லை' என்று இருந்தது. அந்த இடத்தில் மட்டும் காகிதம் மெலிந்திருந்தது. பல தடவை ரப்பர் போட்ட மெலிவு. பக்கத்தை ஜன்னலை நோக்கிச் சாய்த்தாள். பென்சில் அழியும், அழுத்தம் அழியாது.

ஆம். வயது 24. குணமாகிவிட்டது.

அம்மா அந்த வயதைத் தன்னிடம் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சின்னவளின் காது அடைத்துக்கொண்டது. வாசலில் குடையை மாட்டும் சத்தம் அதனால்தான் கேட்கவில்லை போலும்.

"அம்மா எங்க?" என்றார் அப்பா.

"மாடியில."

அவர் அவள் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜெராக்ஸ் கடைக்கு நான் போகல. தெருமுனை வரைக்கும் போய் நின்னேன். வந்துட்டேன்."

அலமாரியின் மேல்தட்டில் அவருடைய பழைய பணிப்பதிவேடு இருந்தது. அதை எடுத்து, பின்னட்டையின் காகித உறைக்குள் இரண்டு விரலை விட்டார். கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் துண்டு வெளியே வந்தது. இரண்டு தோள்கள். ஓரத்தில் வெள்ளை எழுத்தில் அம்மாவின் பெயர், கல்யாணத்துக்கு முந்திய இனிஷியலோடு. வயது 24. தேதி. வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழே, அதே சுண்ணாம்புத் தொடல்.

"நீங்கள்லாம் சூரியனைப் பார்த்தீங்க. நான் ஓரத்துல இருந்த எழுத்தைப் படிச்சேன். பழக்கம்."

"பன்னெண்டு வருஷமா ஏம்ப்பா கேக்கல?"

"சித்தியோடதுன்னு சொன்னா. சொல்ல இஷ்டமில்லாதவளை எதுக்குக் கேக்கணும்? ஆள் நல்லா இருக்கா, அது போதாதா?"

"ஃபார்ம்ல ஏன் மாத்தினீங்க?"

அப்பா துண்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். கத்திரிக்கோல் கோணலாகப் போன இடம் அது.

"முதல்ல உள்ளதைத்தான் எழுதினேன். அப்புறம் யோசிச்சேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவ படிப்பாளே. படிச்சா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் என் முகத்தை எப்படிப் பார்ப்பா? அழிச்சேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கடைசில அவ படிக்கவே இல்ல. எங்க போடணும்னு கேட்டா, போட்டா, தோசை கருகுதுன்னு உள்ள போயிட்டா."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

"நாளைக்கு இதைக் கொடுத்துடலாம்" என்றார் அப்பா. "நான்தான் எழுதினேன், அவளுக்குத் தெரியாது, தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுத்துடறேன். வரைவு கூடப் போட்டுட்டேன், மனசுக்குள்ள. அவளை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அப்பா."

"என்ன?"

"இன்னிக்கு டாக்டர் நேர்லயே அம்மாகிட்ட கேட்டாங்க."

அப்பா நிமிர்ந்தார். "அவ என்ன சொன்னா?"

"இல்லைன்னா. ரெண்டு தடவை."

அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பென்சிலைத் தொட்டது. பிறகு வெறுமனே இறங்கியது. எந்தக் காகிதத்துக்கும் முன்னால் தயங்கி அவள் பார்க்காத மனிதர். அவர் உதடு வெளுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சின்னவளுக்கு உண்மையில் பயம் வந்தது.

மாடிப்படியில் காலடி கேட்டது.

இப்போது துண்டை உறைக்குள் திரும்ப வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள். வைத்தால் தானும் ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்கலாம். அவர் வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, அன்றைக்குப் போலவே, அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

அம்மா ஈரத் துணியை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் வட்டமாகச் சேர்ந்தது. நெடுநேரம் அந்தத் துண்டையே பார்த்தாள்.

"மேல்துண்டு உங்ககிட்டயா இருந்துச்சு" என்றாள்.

"ம்."

"அன்னிலேர்ந்தா?"

"ம்."

அம்மா துணியை நாற்காலியின் மேல் போட்டாள். கையைப் புடவையில் துடைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கை நடுங்கவில்லை என்பதைச் சின்னவள் கவனித்தாள்.

"அந்த ஃபார்மை எடுங்க. பேனாவுல எழுதினது. நான் படிக்கணும்."

"பதினேழாவது கேள்வியில..."

"முதல்லேர்ந்து."

அப்பா எடுத்துக் கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்து, முதல் கேள்வியின் கீழ் விரலை வைத்து, வாய்க்குள் படிக்க ஆரம்பித்தாள். அட்டைப் பெட்டியின் மேலிருந்த போன் அதிர்ந்தது. பெரியவள். சின்னவள் கையை நீட்டினாள்.

"எடுக்காத" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "அந்த வக்கீல் என்ன சொல்லச் சொல்றாங்கன்னு அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல நான் என்ன சொல்லியிருக்கேன்னு பார்க்கணும்."

போன் அதிர்ந்து அதிர்ந்து பெட்டியின் விளிம்புக்கு நகர்ந்தது. அம்மாவின் விரல் மூன்றாவது கேள்வியில் இருந்தது.